எல்லோர் ரேகையும் எதற்கு?

1930 ஏப்ரலில் கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் வேலை நின்றது. ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் கொண்டுவந்த புது ஏற்பாட்டை ஏற்க மறுத்து, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்காமல் வாரக்கணக்கில் வெளியே நின்றார்கள். சங்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள் அவர்களில் அதிகம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம் அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. கைரேகை அன்றைக்குப் போலீஸ் சமாசாரம். 1897இல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைக் கூடமே குற்றவாளிகளை அடையாளம் காண ஏற்பட்டதுதான். தப்பு ஏதும் செய்யாதவனிடம் முன்கூட்டியே ரேகை வாங்கி வைத்தால், அவனை நாளைய திருடனாகக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று பொருள்.

தங்கம் களவு போனது பொய்யல்ல. கம்பெனிகளின் கவலையும் பொய்யல்ல. அந்தக் கவலைக்குக் கண்டுபிடித்த வழிதான் கோணல். யாரோ சிலர் திருடினார்கள் என்பதற்காக, மேலே வரும் ஒவ்வொருவர் உடம்பையும் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவர் விரலையும் கேட்டார்கள். தங்கத்தைக் காக்க அமைந்த காவல் ஏற்பாட்டின் தொடர்ச்சியாக, கோலார் மாவட்டத்துக்குள் தங்கவயல் இன்றைக்கும் ஒரு தனிக் காவல் மாவட்டம்தான். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது, காவல் எல்லை மட்டும் நிற்கிறது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. அதே கேள்வி நம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கெலட்டன், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று எந்தப் பகுதியை எடுத்தாலும், சுரங்கம் மூடிய பிறகு நம் பிழைப்பு பெங்களூரை நம்பித்தான். இருட்டோடு எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் போய், இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ரயிலில் சம்பளம், கடன் தவணை, பெண் பார்த்த விஷயம், ஆஸ்பத்திரிச் சீட்டு, மேஸ்திரியைப் பற்றிய புலம்பல் எல்லாம் கைப்பேசி வழியாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. நம் முன்னோர் லைன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில், மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். அந்த லைன்களில் அவர்களுக்கு ஒருநாளும் கிடைக்காத தனிமையை, நமக்கு இந்தச் சின்னக் கருவிதான் முதன்முதலில் கொடுத்தது.

அந்தத் தனிமையைக் காப்பது என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கம். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதைத் தன் பயனர் எல்லோருக்கும் முழுமையாகக் கொண்டுவந்தது. நாம் எழுதும் செய்தி நம் கைப்பேசியிலேயே பூட்டப்படுகிறது. திறக்கும் சாவி பெறுகிறவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. நடுவில் நிற்கும் கம்பெனியிடம் அந்தச் சாவி இல்லை. அதனால் கம்பெனியை யார் மிரட்டினாலும், யார் விலைக்கு வாங்கினாலும், அதனிடம் கொடுக்க உள்ளடக்கம் இல்லை.

அரசுக்கு இதில் சங்கடம் இருப்பது இயல்புதான். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அந்த மே மாதம் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். ஜூலையில் பீதர் மாவட்டத்தில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளர். அவர் வந்த காரைப் பற்றிய செய்தி அவருக்கு முன்பே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வழியை மறித்து நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான நினைவு 2016 செப்டம்பர். காவிரி தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த அந்த வாரத்தில், முகநூலில் போட்ட ஒரு பதிவுக்காகப் பெங்களூரில் ஓர் இளைஞரை அடித்த காட்சி கைப்பேசிகளில் சுற்றியது. ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிகளைத் தாக்கிய காட்சி எதிர்ப்பக்கம் சுற்றியது. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பல பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள். தமிழ் பேசிக்கொண்டு கர்நாடகத்தில் வாழ்ந்து, அந்த நகரத்துக்கே தினமும் வேலைக்குப் போய்வரும் ஊர் நம்முடையது. ஒரு காணொளி மாலைக்குள் என்ன செய்யும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே தங்கவயல்காரனுக்கு இரண்டு பயமும் உண்டு. வதந்திக்கும் பயம், ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் அதிகாரத்துக்கும் பயம். இரண்டையும் பட்டு அறிந்தவர்கள் என்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை நம் தலையில் கட்டுவதை நாம் ஏற்கக் கூடாது.

2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிலர் மனுப் போட்டார்கள். இணையத்தில் அவதூறும் மிரட்டலும் பெருகிவிட்டன, ஆகவே சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வழக்கு வேறு திசையில் வளர்ந்தது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று வாட்ஸ்அப்பால் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு வந்து நின்றது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.காமகோடி, முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை ஒவ்வொரு செய்தியோடும் சேர்த்து அனுப்பலாம், அது சாத்தியமே என்றார். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். விஷயம் தெரிந்த குற்றவாளி அந்த அடையாளத்தைப் பொய்யாக்கிவிட்டுப் போய்விடுவான், மாட்டுவது விவரமறியாதவர்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். 2019இல் ஃபேஸ்புக் கம்பெனி அந்த வழக்கை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டுப் போனது.

தீர்ப்பு வருவதற்குள் சட்டம் வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின் நான்காம் விதி, 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள செய்திச் செயலிகள் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டியே ஆக வேண்டும் என்கிறது. நியாயமாகச் சொல்வதானால் அதில் சில கட்டுப்பாடுகளும் உண்டு. கடுமையான குற்றங்களுக்கு மட்டும் கேட்க வேண்டும், வேறு வழி இருந்தால் கேட்கக் கூடாது, செய்தியின் உள்ளடக்கத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த விதியை நடைமுறைப்படுத்த என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பார்த்தால் 1930 கண்முன் வரும். எந்தச் செய்தி நாளைக்கு வழக்காகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாச் செய்திக்கும், எல்லோர் செய்திக்கும், ஒரு கணித ரேகை எடுத்து அனுப்பியவர் பெயரோடு சேர்த்து வைத்தால்தான் பின்னால் தேட முடியும். அம்மாவுக்கு அனுப்பிய மருந்துச் சீட்டுக்கும் ரேகை, சங்கக் கூட்டத்துக்கு அழைத்ததற்கும் ரேகை. கேட்பது ஒருவரைப் பற்றியதாக இருக்கலாம், சேர்த்து வைப்பது எல்லோருடையதையும்.

இதனால் அசல் குற்றவாளி பிடிபடுவானா என்றால் அதுவும் சந்தேகம். செய்தியில் ஒரு புள்ளியை மாற்றினால் ரேகை மாறிவிடும். திரையைப் படமெடுத்து அனுப்பினால் படமெடுத்தவரே முதலில் அனுப்பியவராகிவிடுவார். இதைவிட மோசமான ஒன்று அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரையே மூலவராகக் கொள்ளலாம் என்கிறது. துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மச்சான் அனுப்பிய காணொளியை, இது உண்மையா பாருங்கள் என்று கேட்டுக் குடும்பக் குழுவில் போட்ட ஒரு பெண் சட்டத்தின் கண்ணில் மூலவராகலாம். இந்த விதியை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேற வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார்.

வாட்ஸ்அப்பை நான் நம் காவல் தெய்வமாக எண்ணவில்லை. பயனர் தகவலைத் தன் மற்றக் கம்பெனிகளோடு பகிர்ந்துகொள்ள மக்களைக் கட்டாயப்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நாம் என்ன பேசினோம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். யாரோடு, எப்போது பேசினோம் என்பது தெரியும். அதிலும் வியாபாரம் உண்டு.

நல்லவர்களுக்கு மட்டும் ஒரு பின்வாசல் வைத்துத் தரலாமே என்று சிலர் நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். கிரேக்க நாட்டில் 2004, 2005இல் அப்படி ஒன்று நடந்தது. போலீஸ் சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்கென்றே தொலைபேசி இணைப்பகக் கருவிகளில் இருந்த வசதியை, யாரென்றே தெரியாத ஆட்கள் கைப்பற்றினார்கள். பிரதமர் உட்பட நூறுக்கு மேற்பட்டவர்களின் கைப்பேசிகளை மாதக்கணக்கில் கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனிகளுக்குள் சீனாவோடு தொடர்புடைய ஊடுருவல்காரர்கள் புகுந்தபோதும், நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக் கேட்க வைத்திருந்த அமைப்புகளை அவர்கள் எட்டிவிட்டார்கள். அதன் பிறகு அமெரிக்க அதிகாரிகளே, மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று மக்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். பின்வாசலுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

நம் மாநிலத்திலேயே உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. தொலைபேசி ஒட்டுக் கேட்பு விவகாரத்தில்தான் 1988 ஆகஸ்டில் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 2019இல் மறுபடியும் அதே குற்றச்சாட்டு எழுந்து, எடியூரப்பா அரசு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்திகள் வந்தபோது, 2019இல் கவிழ்ந்த கூட்டணி ஆட்சியோடு தொடர்புடையவர்களின் எண்களும் உளவுக்குக் குறிவைத்த எண்களின் பட்டியலில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் நீதிமன்றத்தில் பதிவு செய்தது. எந்தக் கட்சி நாற்காலியில் இருந்தாலும் இந்தச் சபலம் வருகிறது. அதனால் இதைக் கட்சிச் சண்டையாக ஆக்கினால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒட்டுக் கேட்பதே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யார் அனுமதியோடு என்பதுதான் கேள்வி. 1885ஆம் வருடத் தந்திச் சட்டம் பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களைச் சொன்னது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. ஆனால் நீதிபதியிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. உள்துறைச் செயலரே உத்தரவிடலாம், செயலர்கள் அடங்கிய குழுவே பின்னர் சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்பின் லட்சணத்தை நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த மனிதரால் அது ஆகும்? தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதற்கான 2024 விதிகளும் இந்த அடிப்படை ஏற்பாட்டை மாற்றவில்லை. இங்கிலாந்தில் அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். நம்மிடம் கேட்பதும் நிர்வாகம், கொடுப்பதும் நிர்வாகம், சரிபார்ப்பதும் நிர்வாகம்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் பிறப்பித்த ஒட்டுக் கேட்பு உத்தரவை ரத்து செய்தார். ரகசியமாக நடந்த ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றார். பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததையும் சுட்டிக்காட்டினார். அதற்குச் சில நாள் முன்பு டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு ஊழல் வழக்கில் ஒட்டுக் கேட்பைச் சரி என்றது. தனிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகும் நிலைமை இப்படித்தான். அந்த வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. முதுமையில் தனி மனிதராக ஒருவர் தொடங்கியதை நாடாளுமன்றம் சட்டமாக முடித்து வைத்திருக்க வேண்டும்.

உரிமையைக் கேட்பவர்கள் கடமையில் நழுவினால் நம் வாதம் நிற்காது. மறையாக்கத்தை உடைக்காமலே வதந்தியைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றது. அதன்பின் அப்படிப்பட்ட செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று அந்தக் கம்பெனி சொன்னது. கம்பெனியின் கணக்கை அப்படியே நம்பாவிட்டாலும், தடை வேலை செய்கிறது என்பது தெரிகிறது. அந்தத் தடையை நம் விரலிலேயே வைத்துக்கொள்வது நம் பங்கு.

ஸ்கெலட்டனில் ஒரு தெருவுக்கே இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கும். கோயில் திருவிழாவுக்கு, சர்ச்சுக்கு, சீட்டுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. குழுவை நடத்துகிறவர்கள் ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொண்டால் போதும். ஊர், தேதி, யார் எடுத்தது என்று தெரியாத அடிதடிக் காணொளி குழுவில் நிற்கக் கூடாது. காவிரி பற்றி எரியும் நாளில் இந்த ஒழுங்கு உயிரைக் காக்கும். பெண்களின் படத்தை வைத்து மிரட்டுகிறவனைப் பற்றித் தெரிந்தால், அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். மறையாக்கம் வெளியாளைத்தான் தடுக்கிறது. பெற்றுக்கொண்டவர் சாட்சி சொல்வதை அது ஒருபோதும் தடுத்ததில்லை. நம்மில் பலர் சாட்சி சொல்லத் தயங்குகிறோம், பிறகு போலீஸ் என்ன செய்கிறது என்கிறோம்.

போலீசுக்கும் வழியில்லாமல் இல்லை. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம், எண்ணின் உரிமையாளர், பணம் போன கணக்கு, சட்டப்படி கைப்பற்றிய கைப்பேசி எல்லாம் கிடைக்கின்றன. கும்பல் கொலை வழக்குகளில் அடித்தவர்கள் பட்டப்பகலில் கேமரா முன் அடித்தார்கள். குறைவாக இருந்தது அந்தத் தெருவில் நேரத்துக்கு வந்த போலீஸ். மாவட்டந்தோறும் கும்பல் வன்முறையைத் தடுக்க ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் காவல் மாவட்டத்தில் அந்த அதிகாரி யார், அவரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்பது ஒவ்வொரு லைனிலும் பெயர்ப்பலகையாகத் தொங்க வேண்டும். இணைய மோசடிக்கு நாடு முழுவதும் கூப்பிடும் எண் 1930. தற்செயல்தான், ஆனால் தங்கவயல்காரர்கள் மறக்க முடியாத எண்.

ஆகவே கட்சி பாராமல் நாம் ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கைகள் சிலவே. ஒட்டுக் கேட்கும் முன் ஒரு நீதிபதியின் அனுமதி வேண்டும். விசாரணை முடிந்தபின், வழக்கு இல்லையென்றால், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை உத்தரவுகள் என்ற எண்ணிக்கையைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். எல்லோர் செய்திக்கும் ரேகை எடுக்கச் சொல்லும் விதியைக் கைவிட வேண்டும். இவற்றில் எண்ணிக்கையை வெளியிடுவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. கர்நாடக உள்துறை மனது வைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யலாம். ஸ்கெலட்டனிலிருந்து தொடங்கி ஒவ்வொரு லைனிலும் இளைஞர் மன்றங்களும் சுரங்க முன்னாள் தொழிலாளர் சங்கங்களும் கையெழுத்துத் திரட்டி, அந்த ஒரு கோரிக்கையை முதலில் நம் தங்கவயல் சட்டமன்ற உறுப்பினரிடமும் கோலார் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கட்டும். மனுவோடு தங்கள் குழுக்கள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கையும் எழுதிச் சேர்த்துக் கொடுக்கட்டும்.